'அலவ்' என்ற ஆங்கிலச் சொல்லை வாக்கியத்தில் பயன்படுத்துவது எப்படி?

அனுமதி பற்றிப் பேச ஆங்கிலத்தில் லெட், அலவ், பெர்மிட் மூன்றும் அடிக்கடி வரும். புதிதாகப் படிப்பவர்கள் முதலில் அலவைப் பிடித்துக்கொள்வது நல்லது. வீட்டுப் பேச்சு, ஆபீஸ் மெயில், அறிவிப்புப் பலகை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

படி 1: உச்சரிப்பு

எழுத்துக்கள் ஏ, எல், எல், ஓ, டபிள்யூ. பலர் 'அலோ' என்கிறார்கள், அது தவறு. ஹவ், நவ் முடிவது போலத்தான் இதுவும் முடியும். அழுத்தம் இரண்டாவது அசையில்.

படி 2: ஆளைச் சொல்லி, பிறகு 'டு'

'மை ஃபாதர் அலவ்ஸ் மீ டு டிரைவ்.' அப்பா என்னை வண்டி ஓட்ட விடுகிறார். விடுபவர், அலவ், யாரை விடுகிறார், டு, வினைச்சொல். வரிசை இவ்வளவுதான்.

தமிழில் 'ஓட்ட' என்றாலே போதும் என்பதால் நமக்கு அந்த 'டு' எளிதில் விட்டுப்போகும். லெட்டில் தலைகீழ், அங்கே 'டு' வரவே கூடாது: 'மை ஃபாதர் லெட்ஸ் மீ டிரைவ்.' இரண்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், காதே தவறைப் பிடித்துவிடும்.

'விடவில்லை' என்பதற்கு 'தே டிட்நாட் அலவ் மீ'. டிட் வந்துவிட்டால் இறந்தகாலம் அதிலேயே முடிந்தது. 'டிட்நாட் அலவ்ட்' என்று எழுதாதீர்கள். நான் திருத்தும் கடிதங்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

படி 3: ஆள் இல்லாவிட்டால் 'இங்'

'தே டோன்ட் அலவ் ஸ்மோக்கிங் ஹியர்.' இங்கே புகைபிடிக்க விடமாட்டார்கள். யாரை என்று சொல்லாதபோது 'டு ஸ்மோக்' வராது, வினையின் கடைசியில் 'இங்' சேரும்.

படி 4: விதியைக் கேட்பது

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இது. மியூசியத்தில் காவலாளியிடம் 'கேன் ஐ டேக் எ போட்டோ?' என்றால், அவரிடமே அனுமதி கேட்பது போல இருக்கும். 'ஆர் வீ அலவ்ட் டு டேக் போட்டோஸ் ஹியர்?' என்றால் இங்கே விதி என்ன என்று கேட்கிறீர்கள். அவரும் சங்கடமில்லாமல் பதில் சொல்லலாம். இந்த அமைப்பில் லெட் உதவாது. 'ஐ வாஸ் லெட் டு கோ' தவறு, 'ஐ வாஸ் அலவ்ட் டு கோ' சரி.

வினைக்குப் பதில் பொருளும் வரலாம். இந்திய விமானங்களில் எகானமி வகுப்புக்குக் கைப்பை எடை பொதுவாக 7 கிலோ. கவுண்டரில் 'யூ ஆர் அலவ்ட் செவன் கிலோஸ்' என்பார்கள். பேகேஜ் அலவன்ஸ் என்பதும் இதே சொல்லின் குடும்பம்தான்.

பெர்மிட்டுக்கும் படி 2, 3, 4 அப்படியே பொருந்தும். அது சட்டம், அரசாணை வாடை கொண்ட சொல்; நண்பரிடம் பேசும்போது வேண்டாம்.

சரி, இப்போது ஒரு பயிற்சி: 'அம்மா என்னைத் தனியாகப் போக விடவில்லை.' எழுதிவிட்டு ஒப்பிடுங்கள்: 'மை மதர் டிட்நாட் அலவ் மீ டு கோ அலோன்.' அப்புறம் இதையே லெட் போட்டு எழுதிப் பாருங்கள். ஒரே ஒரு 'டு' மட்டும் குறையும்.