மவாஷி போட்டால் அடிமுதுகு வலிக்கிறதா? தொடை மூட்டைச் சோதித்துப் பாருங்கள்

எங்கள் கராத்தே வகுப்பு நடப்பது மொட்டை மாடியில். மவாஷி, அதாவது காலைப் பக்கவாட்டில் சுழற்றி அடிக்கும் உதை, போட்டு அடிமுதுகு வலி என்று யாராவது வந்தால் நான் முதலில் முதுகைப் பார்ப்பதில்லை. பாயை விரித்துக் குப்புறப் படுக்கச் சொல்வேன். முட்டிகளைச் சேர்த்து வைத்து 90 டிகிரி மடக்கி, பாதங்களை இரு பக்கமும் தானாக வெளியே சரியவிட வேண்டும். தொடை மூட்டு உள்பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்பது இதில் தெரிந்துவிடும். செங்குத்தாக நின்ற கெண்டைக்கால் 35, 40 டிகிரி சரிந்தால் நல்லது. ஒரு கால் தாராளமாகச் சரிந்து, மற்றது பாதியிலேயே நின்றால் அந்தப் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வலது காலால் மவாஷி போடும்போது இடுப்பு முழுவதும் இடது காலின் மேல் திரும்புகிறது. அந்த இடது தொடை மூட்டு இடம் கொடுக்கவில்லை என்றால் மிச்சத் திருப்பத்தை அடிமுதுகு செய்ய வேண்டிவரும். அங்கே இருக்கும் ஐந்து எலும்புகளும் சேர்ந்தாலும் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேல் திரும்பாது. ஜூடோ வீரர்களைச் சோதித்த ஆய்விலும் முதுகுவலிக்கும் இந்த மூட்டின் இறுக்கத்துக்கும் தொடர்பு தெரிந்தது. அதற்காக எல்லா முதுகுவலிக்கும் இதுதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம்.

கால் மரத்துப்போவது, பாதம் பலமிழப்பது, காய்ச்சலோடு வலிப்பது இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் கழிப்பதில் சிக்கல் என்றால் அன்றே போக வேண்டும். பதின்வயதுப் பிள்ளைக்குப் பின்னால் வளையும்போது வலித்தால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். அதைப் பயிற்சியால் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

இது எதுவும் இல்லையென்றால், 90-90 இருக்கையிலிருந்து தொடங்கலாம். தரையில் உட்கார்ந்து முன்காலை உங்களுக்கு முன்னாலும் பின்காலைப் பக்கவாட்டிலும் மடக்குங்கள். இரண்டு முட்டியிலும் 90 டிகிரி இருக்க வேண்டும். முதுகை நிமிர்த்திக்கொண்டு, பின்காலின் முட்டியைத் தரையிலேயே வைத்து, அந்தப் பாதத்தை மட்டும் தூக்கப் பாருங்கள். முதலில் ஒரு அங்குலம்கூட எழும்பாது, தொடை பிடித்துக்கொள்ளும். பரவாயில்லை, ஐந்து விநாடி முயன்றுவிட்டு விடுங்கள். பக்கத்துக்கு ஐந்து முறை போதும். உடம்பைச் சாய்த்துப் பாதத்தைத் தூக்குவது ஏமாற்று வேலை.

அடுத்தது தொடையின் முன்பக்கம். பகலெல்லாம் நாற்காலியிலும் பைக்கிலும் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு அந்த இடம் இறுகியிருக்கும். ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, மறு பாதத்தை முன்னால் வைத்து, அந்தப் பக்கப் பிட்டத்தை இறுக்கிக்கொண்டு அரை நிமிடம் நில்லுங்கள். பிட்டத்தை இறுக்காமல் முன்னால் சாய்ந்தால் வளைவது அடிமுதுகுதான். இத்தோடு பக்கவாட்டுப் பிளாங்கும் (ஒரு முழங்கையை ஊன்றி உடம்பைப் பக்கவாட்டில் நேராகத் தாங்குவது) பேர்ட் டாகும் (கை, முட்டி ஊன்றி எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது) செய்தால் நடு உடம்புக்கு வலு கிடைக்கும்.

காலை ஐந்தரை மணி வகுப்புக்கு வருபவர்கள் எழுந்தவுடன் குனிந்து காலைத் தொடாதீர்கள். இரவெல்லாம் படுத்திருந்ததில் முதுகெலும்பு வட்டுகள் நீரால் உப்பியிருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிவது அவற்றுக்கு ஆகாது. வார்ம் அப்பில் காலை வீசுங்கள், நடங்கள். நீண்ட நேரம் பிடித்து நிற்கும் ஸ்ட்ரெட்ச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தரையும் முக்கியம். சொரசொரப்பான சிமென்ட் தளத்தில் ஊன்றிய பாதம் சுழலாமல் ஒட்டிக்கொள்ளும். உதை போகும்போதே குதிகால் எதிராளியைப் பார்க்கத் திரும்பிவிட வேண்டும். அது வரும்வரை உதை இடுப்பு உயரத்தைத் தாண்ட வேண்டாம். தலை உயரத்துக்கு உதைக்கிற ஆசையை வலி போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கவட்டையின் முன்பக்கம் கிள்ளுவதுபோல் வலித்தால் அதற்கு மேல் தள்ளாதீர்கள். சிலருக்கு மூட்டுக் கிண்ணத்தின் வடிவமே அவ்வளவுதான், எவ்வளவு இழுத்தாலும் கால்களை முழுதாக விரித்துத் தரையில் உட்காரும் ஸ்ப்ளிட் வராது. அப்படிப்பட்ட பிள்ளையின் முதுகில் ஏறி அமுக்கும் மாஸ்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

ஆறு வாரம் கழித்து அதே குப்புறப் படுக்கும் சோதனையைச் செய்து பாருங்கள். சரிவு கூடியும் வலி குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.