ரவை டப்பாவில் அந்துப்பூச்சியா?

மும்பையில் மழை பிடித்துவிட்டால் செம்பூர், மாட்டுங்கா வீடுகளில் ரவையும் கடலை மாவும் நூல் கட்டத் தொடங்கிவிடும். சமையலறையில் பறக்கும் அந்துப்பூச்சியை மட்டும் அடித்துப் பயனில்லை; தானியத்தைத் தின்பது அதன் புழுதான். மாவு கட்டிகட்டியாக நூலில் தொங்கினால், யோசிக்காமல் பாக்கெட்டோடு கட்டி வெளியே போட்டுவிடுங்கள்.

புதிதாக வாங்கும் ரவை, மைதா, முந்திரியைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் 4 நாள் வைத்தால் முட்டையும் செத்துவிடும். எடுத்தவுடன் பிரிக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொள்ளும். குளிர் விட்டபின் இறுக்கமான டப்பாவில் கொட்டுங்கள். ஊரில் மாதிரி மொட்டை மாடியில் காயவைக்க இங்கே இடமேது, மழை மாதத்தில் வெயில்தான் ஏது!

பலரும் கோட்டை விடுவது இதில்தான்: வளர்ந்த புழு டப்பாவை விட்டு ஏறிப்போய் அலமாரி இடுக்கு, ஆணி ஓட்டை, கூரை ஓரம் என்று கூடு கட்டும். அங்கெல்லாம் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும். பிரிஞ்சி இலை, வசம்பு போடலாம். ஆனால் வந்த புழு அதற்குப் பயந்து ஓடியதை நான் பார்த்ததில்லை.

அப்புறம், வாழைப்பழத்தை மொய்க்கும் குட்டி ஈக்கு ஒரு கிண்ணம் வினிகரில் 2 சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு வையுங்கள். காலையில் உள்ளே மூழ்கிக் கிடக்கும்.