எஃப் ஷார்ப் யூனியனைச் சி ஷார்ப்பில் கையாண்ட விதம்

திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்துக்கு நாங்கள் எழுதிய மென்பொருளில், சாயப்பட்டறைக்குச் செல்லும் துணியின் நிலை 'காத்திருப்பு', 'அனுப்பியது', 'வந்தது' என்னும் வகைகளைக் கொண்ட, எஃப் ஷார்ப் நிரல்மொழியின் யூனியனாக (குறிப்பிட்ட சில வகைகளுள் ஒன்றாக மட்டுமே இருக்கக்கூடிய தரவு வடிவம்) இருந்தது. பயனர் பார்க்கும் திரைகள் அனைத்தும் சி ஷார்ப் என்னும் மற்றொரு நிரல்மொழியில் இருந்தன. விவரம் சுமக்கும் வகைகளை எஃப் ஷார்ப் கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) தாய் கிளாஸுக்குள் அடங்கிய துணை கிளாஸ்களாக மாற்றுவதால், சி ஷார்ப்பின் ஸ்விட்ச் (வகைக்கேற்ப வழி பிரிக்கும் கட்டளை) அவற்றை எளிதில் பிரித்தறிகிறது. விவரமற்ற 'காத்திருப்பு' போன்றவற்றுக்கு வெளியே தெரியும் கிளாஸ் கிடையாது என்பதால், 'இஸ்' என்று தொடங்கும் பண்பையோ 'டேக்' பண்பையோ கேட்க வேண்டும்.

உண்மையான தொல்லை வேறு. நிறம் ஒத்துவராத துணிக்காக 'மறுசாயம்' என்ற வகையைச் சேர்த்தபோது, சி ஷார்ப் கம்பைலர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஸ்விட்சின் டிஃபால்ட் பகுதி (வேறெதிலும் பொருந்தாதவற்றுக்கானது) அந்தத் துணிகளையெல்லாம் 'காத்திருப்பு' பட்டியலில் காட்டியது.

ஆகவே, ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஃபங்க் டெலிகேட்டை (அந்த வகைக்குச் செய்ய வேண்டியதைக் குறிக்கும் செயல்கூறு) அளவுருவாகப் பெறும் 'மேட்ச்' என்ற ஜெனரிக் மெத்தடை (எந்த வகை விடையையும் திருப்பித் தரக்கூடியது) யூனியனுக்குள்ளேயே எழுதி, திரைகள் அதை மட்டுமே அழைக்கும்படி மாற்றினேன். இப்போது புதிய வகைக்கு அங்கே ஒரு அளவுருவைக் கூட்டினால், அதை அழைக்கும் ஒவ்வொரு இடமும் கம்பைல் ஆகாமல் நிற்கிறது. எஃப் ஷார்ப் பக்கம், 'மேட்ச்' மெத்தடுக்குள் ஒரு வகை விடுபட்டால் எச்சரிக்கை மட்டுமே வரும். அதைப் பிழையாக உயர்த்திவைப்பது என் பார்வையில் கட்டாயம்.