ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே எடுங்கள்

புது ஆம்ப்ளிஃபயருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், ஸ்பீக்கர்கள் இரண்டையும் ஷோகேஸ் மூலையிலிருந்து எடுத்து, சுவரிலிருந்து ஒன்றிரண்டு அடி தள்ளி, ட்வீட்டர் (உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர் வட்டம்) காது உயரத்துக்கு வரும்படி ஸ்டூலில் வையுங்கள். அவற்றுக்கு நடுவே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரத்தில் உட்காருங்கள். பேஸ் ஒலி, அதாவது கனத்த அடி ஒலி, பெட்டிக்குப் பின்னாலும் பரவும். சுவரில் பட்டுத் திரும்பி, மூலையென்றால் இன்னும் கூடி, தபேலாவையும் பேஸ் கிட்டாரையும் ஒரே ‘தொம்’ ஆக்கிவிடும். ட்வீட்டரின் ஒலியோ பெரும்பாலும் நேராகத்தான் போகும், அதனால்தான் காது உயரம். சரியாக அமைந்தால் பாடுபவர் குரல் நட்டநடுவில் வந்து நிற்கும், அந்தச் சுகமே தனி! சுவரில் மாட்டவென்றே செய்த ஸ்பீக்கருக்கும் ஒற்றை புளூடூத் பெட்டிக்கும் இது பொருந்தாது. மிகச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் மெலிந்துபோனால் சுவர்ப் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்.