உறைந்த தேனைக் கொட்டிவிடாதீர்கள்

தேன் பாட்டிலின் அடியில் சர்க்கரை போல நறநறவென்று கட்டிவிட்டால், பாட்டிலைக் கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் நிறுத்திவையுங்கள். தண்ணீர் ஆற ஆற மாற்றி, ஈரமில்லாத கரண்டியால் அவ்வப்போது கிளறினால் பழையபடி இளகிவிடும்.

தேனில் தண்ணீர் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் குறைவு. தேனில் நிறைய இருக்கும் குளுக்கோஸ் என்ற சர்க்கரை முழுவதையும் அந்தக் கொஞ்சத் தண்ணீர் கரைத்தே வைத்திருக்க முடியாது. மிஞ்சியது படிகமாகப் பிரிகிறது. லேசான சூடு பட்டால் மறுபடி கரைந்துவிடுகிறது, அவ்வளவுதான். உறைந்தாலே கலப்படம் என்பது வீண் பயம். சுத்தமான தேனும் உறையும். ஆனால் உறையாத தேனெல்லாம் போலி என்றும் சொல்லிவிட முடியாது, ஃப்ரக்டோஸ் என்ற இன்னொரு வகைச் சர்க்கரை அதிகமுள்ள தேன் நெடுநாள் இளகியே இருக்கும்.

10 முதல் 15 டிகிரி செல்சியஸ் குளிரில் தேன் சீக்கிரம் உறையும். அதனால் ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம், அலமாரியே போதும்.

அடுப்பில் நேரடியாகக் கொதிக்கவிட்டால் மணம் போய் நிறமும் கருத்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலாக இருந்தால் முதலில் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நுரை பொங்கி, புளித்த வாடை வந்துவிட்ட தேனுக்கு மட்டும் இந்த வேலை பலிக்காது. அது நொதித்துப் போனது.