செத்த பிறகு மருந்து குடித்த வீரன்
எழுத்து வழியாகவே பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் மட் (MUD) விளையாட்டுகளுக்கு நானே எழுதிய கிளையன்ட், அதாவது விளையாட்டு சர்வரோடு பேசும் நிரல். உயிர் 50-க்குக் கீழே இறங்கினால் மருந்து குடிக்க ஒரு ட்ரிக்கர் (வரும் வரியைப் பார்த்துத் தானாகவே கட்டளை அனுப்பும் விதி) வைத்திருந்தேன். என் ஆளோ செத்த பிறகுதான் மருந்தைத் தேடுவான்! ட்ரிக்கரை எத்தனை முறை திருத்தியும் பலனில்லை.

சர்வர் அனுப்பிய பைட்டுகளை அப்படியே ஒரு கோப்பில் கொட்டிப் பார்த்ததும் பிடிபட்டது. 'உயிர்: 42 >' என்ற பிராம்ப்ட்டின் (அடுத்த கட்டளையைக் கேட்கும் வரியின்) கடைசியில் புதுவரிக் குறியே இல்லை, 255, 249 என்று இரண்டு பைட்டுகள்தான். சர்வர் பேசும் டெல்நெட் நெறிமுறையில் அதற்கு 'நான் முடித்தாயிற்று, இனி நீ பேசு' என்று அர்த்தம். என் நிரலோ வரி முடிந்தால்தான் அதை ட்ரிக்கருக்குக் கொடுக்கும்; அதனால் புதுவரிக்காகக் காத்துக் கிடந்தது.

அந்த ஜோடியையும் வரி முடிவாக எடுத்துக்கொள்ளச் செய்தேன். சரி, அதையும் அனுப்பாத சர்வர்கள்? கால் வினாடி எதுவும் வராவிட்டால், கையிலிருப்பது ட்ரிக்கருக்குப் போய்விடும். இணைப்பு மந்தமானால் சில சமயம் பாதி வரிதான் போகிறது. பரவாயில்லை, ஆள் பிழைக்கிறான்.