ஸ்டோன்ஹெஞ்ச், சாலிஸ்பரி: லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வருவது எப்படி?

லண்டனில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரை ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழங்காலக் கல் வட்டத்துக்கு அழைத்துப் போக நினைப்பவர்கள், பெரும்பாலும் சுற்றுலா கோச்சில் இடம்பிடித்து விடுகிறார்கள். ஒரே நாளில் மூன்று ஊர் என்று ஓட்டமாக ஓட்டும் அந்தப் பயணத்தில் எதையும் நின்று பார்க்க முடியாது. நான் சொல்வது வேறு வழி: ரயிலில் சாலிஸ்பரி நகரம், அங்கிருந்து பஸ்ஸில் கற்கள், திரும்பி வந்து சாலிஸ்பரி பேராலயம்.

படி 1: முதலில் கற்களுக்கான நேரம்

ஸ்டோன்ஹெஞ்சுக்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டுதான். அதை முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானே அமையும். இந்த இடத்தைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் இணையதளத்தில் முன்பதிவு செய்தால் விலை குறைவு. பகல் 12 மணியை ஒட்டி எடுங்கள். அதற்குக் காரணம் அடுத்த படியில். ஜூன் 21ஐ ஒட்டிய நாட்கள் வேண்டாம். ஆண்டின் மிக நீண்ட பகலான கதிர்த் திருப்பத்துக்குக் கூடும் கூட்டத்தில் முதல்முறை போகிறவர் திணறிப்போவார்.

படி 2: ரயில், பஸ்

லண்டன் வாட்டர்லூவிலிருந்து சாலிஸ்பரிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வார நாட்களில் காலை நெரிசல் நேரம் கழிந்த பிறகுதான் ஆஃப்-பீக் டிக்கெட் செல்லும். அதில் கிளம்பினால் பதினொரு மணி வாக்கில் சாலிஸ்பரியில் இருப்பீர்கள். நிலைய வாசலிலேயே ஸ்டோன்ஹெஞ்ச் டூர் பஸ் நிற்கும். அரை மணிப் பயணம். பஸ்ஸும் நுழைவும் சேர்ந்த ஒரே சீட்டும் உண்டு. இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் உறுப்பினர் அட்டை இருந்தால் பஸ்ஸுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

படி 3: கற்களைச் சுற்றி

பார்வையாளர் மையத்திலிருந்து கற்கள் சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. ஷட்டில் பஸ் உண்டு. கால் ஒத்துழைத்தால் ஒரு வழியாவது நடங்கள். வெண்கலக் காலத்துப் புதைமேடுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். சுற்றிலும் வெட்டவெளி, காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். குடையால் பயனில்லை, மழைக்கோட்டு எடுத்துப் போங்கள்.

கல் வட்டத்துக்குள் போகவோ தொடவோ முடியாது, சுற்றுப்பாதைதான். உள்ளே போயே ஆகவேண்டும் என்பவர்களுக்குத் திறப்பதற்கு முன்போ மூடிய பின்போ தனிக் கட்டணச் சீட்டு இருக்கிறது. ஆனால் எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கயிற்றுக்கு வெளியே நின்றாலும் சலிக்காது. சராசரியாக 25 டன் எடையுள்ள பெரிய சார்சன் என்னும் மணற்கற்கள் வடக்கே 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெஸ்ட் வுட்ஸ் காட்டிலிருந்து வந்தவை என்று 2020இல் கண்டறிந்தார்கள். சிறிய நீலக்கற்கள் வேல்ஸின் பிரெசெலி மலையிலிருந்து வந்தவை. நடுவில் படுத்திருக்கும் பலிபீடக் கல்லோ ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்கிறது 2024இல் வெளியான ஆய்வு. குறைந்தது 700 கிலோமீட்டர்! இவையெல்லாம் நடந்தது இன்றைக்கு ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன்பு.

இரண்டு மணி நேரம் இதற்குப் போதும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போயிருந்தால் மையத்துக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடலாம்.

படி 4: பழைய சாரம்

திரும்பும் பஸ் ஓல்ட் சாரம் குன்றில் நிற்கும். சாலிஸ்பரியின் முதல் பேராலயம் இங்கேதான் இருந்தது. காற்றும் தண்ணீர்ப் பஞ்சமும் கோட்டைப் படையினரோடு தகராறும் சேர்ந்து, குருமார்கள் கீழே சமவெளிக்கு இறங்கிவிட்டார்கள். இன்று இடிபாடுகள்தான் மிச்சம். ஒருநாள் பயணத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தாலே போதும்.

படி 5: பேராலயம்

மிச்சமுள்ள பொழுது முழுவதையும் இங்கே கொடுங்கள். 1220இல் அடிக்கல் நாட்டி, 38 ஆண்டுகளில் முதன்மைக் கட்டடத்தை முடித்துவிட்டார்கள். கூர்கோபுரம் பிறகு ஏற்றியது. 123 மீட்டர், பிரிட்டனின் தேவாலயக் கோபுரங்களில் இதுவே உயரம். இதன் பாரத்தை நினைத்துத் திட்டமிடாத கட்டடம் அது. அஸ்திவாரம் ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்! கோபுரத்துக்கு நேர் கீழே நின்று நான்கு தூண்களையும் அண்ணாந்து பாருங்கள், வளைந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

அடுத்து, மணிகாட்டும் முகப்பே இல்லாத பழைய கடிகாரம். 1386ஐச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. பிறகு சாப்டர் ஹவுஸ், அதாவது குருமார்கள் கூடும் மண்டபம். அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டு சாசனமான மாக்னா கார்ட்டாவின் எஞ்சிய நான்கு பிரதிகளில் நன்றாகப் பாதுகாக்கப்பட்டது இங்கே இருக்கிறது. தோலில் பொடிப்பொடியாக எழுதிய லத்தீன், அவசரப்படாமல் பாருங்கள்.

கோபுர அடிவரை ஏற 332 படிகள், தனிப் பதிவு. முதியவர்களோடு போனால் அதை விட்டுவிட்டு மாலைப் பாடல் வழிபாட்டுக்கு இருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, எந்த மதத்தவரும் உட்காரலாம்.

படி 6: திரும்புதல்

பேராலயத்திலிருந்து நிலையத்துக்குக் கால்மணி நடை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பராமரிப்பு வேலைக்காக ரயிலுக்குப் பதில் பஸ் விடுவதுண்டு, முதல் நாளே பார்த்துவிடுங்கள்.